ஊர் அறக்கட்டளைப் பணம்: எத்தனை பேருக்கு, எத்தனை ஆண்டுக்கு?

கேள்வி: ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. 1987இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து பதிவு செய்த அறக்கட்டளைக்கு நான் செயலாளர். 12ஏபி (வருமான வரி விலக்குக்கான பதிவு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை தரும் பதிவு) இரண்டும் இருக்கின்றன. நிலம் விற்ற பணமும் பழைய நன்கொடைகளுமாக 1 கோடியே 20 லட்சம் வங்கி வைப்பில் இருக்கிறது. வட்டி ஆண்டுக்கு 8.4 லட்சம், உறுப்பினர் நன்கொடை 4 லட்சம். ஜூன் மாதம் விண்ணப்பம் வாங்கி நாற்பது நாற்பத்தைந்து பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகிறோம்: பள்ளிக் கட்டணம், நோட்டு, தையல் மெஷின், மாலைப் படிப்பகங்கள், அம்மன் கோயில் கொடைக்கு ஒரு லட்சம். பெங்களூரில் இருக்கும் இளைஞர்கள் பன்னிரண்டு பக்க விண்ணப்பப் படிவம் தயாரித்து, பலனை அளக்க வேண்டும் என்கிறார்கள். மூத்தவர்கள், மூலதனத்தைத் தொடக் கூடாது, பேரன் காலம்வரை நிற்க வேண்டும் என்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் பணம் அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

படிவத்தை ஓரமாக வையுங்கள். மூலதனச் சண்டையையும் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். முதலில் மாற வேண்டியது, ஒருவருக்கு எத்தனை ஆண்டு தொடர்ந்து கொடுக்கிறீர்கள் என்பது. நாற்பத்தைந்து பேருக்கு ஓராண்டு என்ற பழக்கம் இருக்கும்வரை எந்தப் படிவமும் எந்த அளவுகோலும் உதவாது.

ஏன் என்று ஒரு படிப்பகத்தின் கணக்கில் பார்க்கலாம். இருபத்தைந்து பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். ஆசிரியருக்கு மாதம் 4,000 வீதம் பதினோரு மாதத்துக்கு 1,32,000. வாடகை 30,000. கரண்ட் 7,200. பிள்ளைக்கு எட்டு ரூபாய் வீதம் 200 நாள் சுண்டலுக்கு 40,000. புத்தகம், சார்ட் 12,000. கணக்கு எழுத 6,000. ஆக மொத்தம் 2,27,200. இப்படிப்பட்ட இடத்துக்கு ஊர் அறக்கட்டளைகள் வழக்கமாக எதைத் தருகின்றன? நோட்டும் பையும். மேடையில் வைத்துக் கொடுக்கலாம், போட்டோ எடுக்கலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு, பை, காலணி எல்லாம் அரசே தருகிறது. பல வீடுகளில் நீங்கள் தந்த பை இரண்டாவது பை. அந்த 1,32,000 ரூபாய்ச் சம்பளத்தைத் தர மட்டும் யாரும் முன்வருவதில்லை. ஜனவரியில் ஓர் ஆசிரியை ஜவுளிக்கடையில் மாதம் 9,000க்குப் போய்விடுவார். பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அம்போவென்று நிற்பார்கள். அடுத்த ஜூனில் நீங்கள் “போன வருஷம் என்ன பலன்?” என்று கேட்பீர்கள்.

உலக அளவில் கொடை நிறுவனங்களில் கடந்த சில ஆண்டுகளில் நடந்திருக்கும் மாற்றத்தின் சாரம் இதுதான்: கொஞ்சம் பேருக்கு, பல ஆண்டுக்கு, எதற்குச் செலவழிப்பது என்று கையைக் கட்டாமல் கொடுப்பது. அமெரிக்கப் பெரும் செல்வந்தர் மெக்கன்சி ஸ்காட் 2020இல் இருந்து அமைப்புகளுக்குப் பெருந்தொகைகளை நிபந்தனையின்றிக் கொடுத்து வருவதால் இந்த முறை பரவலாகப் பேசப்படுகிறது. அவரிடம் இருப்பது நம்மிடம் இல்லை என்று தள்ளிவிட வேண்டாம். நிபந்தனையைக் கழற்றக் கோடிகள் தேவையில்லை. படிப்பகத்துக்கு 1.6 லட்சம் கொடுத்து, “சம்பளத்துக்கோ வாடகைக்கோ உங்களுக்குத் தெரிந்தபடி செலவழியுங்கள், மூன்று ஆண்டு தருவோம்” என்று எழுதிக் கொடுத்தால், அவர்கள் ஆசிரியைக்கு மாதம் 6,000 தருவதாக ஜூனிலேயே வாக்குக் கொடுக்க முடியும். ஆள் நிற்பார்.

மூன்றாண்டுக் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ஆண்டுத் தொகை, தரும் மாதங்கள், ஆண்டுக்கு 6 சதவீத உயர்வு, எந்தச் சூழலில் நிறுத்துவீர்கள் என்ற மூன்றே காரணங்கள்: பணக் கையாடல், பிள்ளைகள் பாதுகாப்பில் தவறு, அமைப்பு செயல்படாமல் போவது. “திருப்தி இல்லாவிட்டால்” என்ற வரியைச் சேர்க்காதீர்கள். சேர்த்த அன்றே அது ஓராண்டுக் கடிதமாகிவிடும். முதல் ஆண்டு முழுத்தொகை, பிறகு எழுபது, பிறகு நாற்பது என்று குறைத்துக்கொண்டே போகும் வழக்கம் ஒன்று உண்டு. பெறுபவர் அதற்குள் வேறு பணம் தேடிக்கொள்வார் என்பது அதன் கணக்கு. உங்கள் வட்டாரத்தில் அந்த வேறு பணம் எங்கே இருக்கிறது? மூன்று ஆண்டும் தொகையைக் குறைக்காமல் கொடுங்கள். புதுப்பிப்பதா நிறுத்துவதா என்பதை மட்டும், காலம் முடிவதற்குப் பன்னிரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். தேட அவகாசம் கிடைக்கும்.

இனி வரிக் கணக்கு. நல்லெண்ணத்தோடு தொடங்கும் அறக்கட்டளைகள் இடறி விழுவது இங்கேதான். கீழே வரும் பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சேர்ந்தவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் என்பதால் அதில் எண்கள் வேறு. ஆடிட்டரிடம் புதிய எண்களைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள்.

வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவழித்தாக வேண்டும். உங்கள் 12.4 லட்சத்தில் அது 10.54 லட்சம். மீதி 15 சதவீதத்தை நிபந்தனையின்றி வைத்துக்கொள்ளலாம். ஆனால் இன்னொரு பதிவு பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுக்கும் நன்கொடையில் 85 சதவீதம்தான் செலவுக் கணக்கில் ஏறும். 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த மாற்றம் இது. ஆகவே 10.54 லட்சத்தையும் பிற அமைப்புகளுக்கே கொடுத்தால் கணக்கில் ஏறுவது சுமார் 8.96 லட்சம், 1.58 லட்சம் துண்டு விழும், அதற்கு வரி. எல்லாவற்றையும் அமைப்புகள் வழியாகவே செய்ய நினைத்தால் 12.4 லட்சம் முழுவதையும் கொடுத்தாக வேண்டும். மூலதனத்தில் சேர்க்க ஒரு ரூபாயும் மிஞ்சாது.

தப்பிக்கும் வழி கலவை. நான்கு அமைப்புகளுக்கு 1.6 லட்சம் வீதம் 6.4 லட்சம்; கணக்கில் ஏறுவது 5.44. நீங்களே நேரடியாகக் கொடுக்கும் கல்வி உதவி 2.2 லட்சம், அவசர நிதி 1.2, பதிவில்லாத சிறு குழுக்களின் முயற்சிகளுக்கு 1, நிர்வாகம் 0.8. கையை விட்டுப் போவது 11.6 லட்சம், கணக்கில் ஏறுவது 10.64 லட்சம். இலக்குக்கு மேலே இருக்கிறீர்கள், 80,000 மிச்சம். பதிவில்லாத மகளிர் குழுவுக்கோ வாசகர் வட்டத்துக்கோ பணமாகக் கொடுக்காமல், அலமாரிக் கடைக்காரருக்கும் அச்சகத்துக்கும் அறக்கட்டளை பெயரில் பில் வாங்கி வங்கி வழியாக நீங்களே செலுத்துங்கள்; அது உங்கள் சொந்தச் செலவாக முழுமையாக ஏறும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு கணக்கில் ஏறாது.

மூன்றாண்டு வாக்குக் கொடுத்துவிட்டதால் மூன்றாண்டுப் பணத்தையும் இப்போதே எடுத்து வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கூடாது. பிரிவு 11(2)இன் கீழ் படிவம் 10 கொடுத்து ஐந்தாண்டுவரை சேர்த்து வைக்க அனுமதி உண்டு. ஆனால் அப்படிச் சேர்த்ததைப் பிற அறக்கட்டளைக்குக் கொடுக்க முடியாது, நீங்களே செலவழிக்க வேண்டும். தவிர, செலவு என்பது பணம் போன ஆண்டில்தான் ஏறும். வாக்குக் கொடுத்த ஆண்டில் அல்ல. எனவே ஒவ்வோர் ஆண்டுத் தவணையும் அந்தந்த ஆண்டு வருமானத்திலிருந்தே போகட்டும். மே மாதம் அறுபது சதவீதம், நவம்பரில் நாற்பது. மார்ச் கடைசி வாரத்தில் அள்ளிக் கொடுக்கும் பழக்கம் ஆடிட்டருக்கு வசதி, படிப்பகத்துக்கு வேதனை. இன்னொன்று: பெறும் அமைப்பிடம் “இதை உங்கள் மூலதனத்தில் வையுங்கள்” என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தது செலவாகவே ஏறாது.

கோயில் கொடைக்குத் தரும் ஒரு லட்சம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 80ஜி பெற்ற அறக்கட்டளை மதக் காரியங்களுக்கு ஆண்டு வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது. உங்களுக்கு அது 62,000. ஒரு லட்சம் 80ஜி பதிவுக்கே உலை வைக்கும். கொடைக்கு ஊரில் தலைக்கட்டு வரி வாங்கும் வழக்கம் இருக்கிறதே, அது தனியாக நடக்கட்டும். 1987 பத்திரத்தில் ‘நம் சமுதாயப் பிள்ளைகளுக்கு’ என்று ஏதாவது வரி இருந்தால் அதையும் ஆடிட்டரிடம் காட்டுங்கள். ஒரு மதத்துக்கோ சாதிக்கோ மட்டும் என்றிருந்தால் விலக்கே போகும் ஆபத்து உண்டு.

கல்வி உதவி 2.2 லட்சத்தையும் சில்லறையாக்க வேண்டாம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் கிடைக்கிறது, அரசு உதவித்தொகையும் உண்டு. குறை எங்கே என்றால், அவை வந்து சேரும்முன் ஜூலை மாதத்தில் கல்லூரி கேட்கும் முதல் கட்டணமும் விடுதி முன்பணமும். வட்டியில்லாக் கைமாற்றாக 15,000 முதல் 25,000 வரை கொடுத்து, உதவித்தொகை வந்ததும் திரும்ப வாங்குங்கள். கல்விக் கடனாகக் கொடுப்பது கொடுத்த ஆண்டில் அறச்செலவாக ஏறும், திரும்பி வரும்போது வருமானமாக ஏறும். பத்திரம், ஜாமீன் என்று போகாமல் ஒரு பக்க ஒப்புதல் போதும். கொஞ்சம் வராமல் போகும். அதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு தொடங்குங்கள், வசூலுக்கு ஆள் அனுப்பும் அறக்கட்டளையாக ஆகிவிடக் கூடாது.

அடுத்தது, யார் முடிவு செய்வது. இளைஞர்களும் மூத்தவர்களும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள் என்கிறீர்கள். அறங்காவலர்கள் மட்டுமே முடிவு செய்யும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு தெரு நிற்கும். உதவி தேவைப்படுபவர்களையே முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வைக்கும் முறையைப் பல நாடுகளில் ஊர் நிதியங்கள் செய்து பார்த்திருக்கின்றன, உங்களுக்கும் பொருந்தும். ஒன்பது பேர் குழு. அறங்காவலர் மூவர். மற்ற ஆறு பேர்: மகளிர் குழுக் கூட்டமைப்பிலிருந்து ஒருவர், அங்கன்வாடிப் பணியாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மாற்றுத்திறனாளி ஒருவர், முன்பு உங்களிடம் உதவி பெற்றுப் படித்தவர் ஒருவர், வாழைத்தார் சுமக்கும் தொழிலாளி ஒருவர். இதில் காலனித் தெருவிலிருந்து குறைந்தது இருவர் இருக்கட்டும்; ஒருவராக வைத்தால் அவர் வாயே திறக்கமாட்டார். இந்த ஆறு பேருக்கும் இரண்டாண்டுப் பதவி, ஆண்டுக்கு மூவர் மாறுவது.

இடமும் நேரமும் சின்ன விஷயமாகத் தோன்றும். அறங்காவலர் வீட்டுத் திண்ணையில் கூடினால் பாதிப்பேர் நின்றுகொண்டே இருப்பார்கள். கோயில் மண்டபம் என்றால் சிலர் வரவே மாட்டார்கள். பள்ளிக்கூடத்து வகுப்பறை, எல்லோருக்கும் ஒரே மாதிரி நாற்காலி அல்லது எல்லோருக்கும் தரை. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் வர வேண்டுமானால் பிற்பகல் இரண்டரை மணி. மாலை ஆறு மணிக் கூட்டம் என்றால் தண்ணீர் பிடிப்பதா, அடுப்பா, கூட்டமா என்று ஆகிவிடும். வருபவர்களுக்கு அன்றைய கூலி இழப்பைக் கொடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

சட்டப்படி இறுதிப் பொறுப்பு அறங்காவலர்களுடையது, அதை முழுவதுமாகக் குழுவுக்குக் கைமாற்ற முடியாது. குழு பரிந்துரைக்கும், அறங்காவலர்கள் தீர்மானம் போடுவார்கள். பரிந்துரையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். அந்த ஒரு விதிதான் குழுவுக்கு உயிர். சொந்தக்காரர் விண்ணப்பம் எடுக்கப்படும்போது எழுந்து வெளியே போக வேண்டும், போனதை மினிட்ஸில் எழுத வேண்டும். இது வெறும் நாகரிகம் இல்லை: அறங்காவலருக்கோ அவர் உறவினருக்கோ அறக்கட்டளைப் பணம் பலனாகப் போனால் பிரிவு 13 வந்து நிற்கும், அந்தத் தொகைக்கு 30 சதவீத வரி.

இப்போது பன்னிரண்டு பக்கப் படிவம். பெங்களூர்த் தம்பிகளின் அக்கறை நியாயமானது, கருவிதான் தவறு. படிப்பகம் நடத்தும் பெண் அதை நிரப்ப இரண்டு நாள் வேலையை விட வேண்டும், ஆங்கிலம் தெரிந்த ஒருவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். நாற்பது பேர் நிரப்பி எட்டுப் பேருக்குக் கிடைத்தால், மற்ற முப்பத்திரண்டு பேர் இழந்த நாளெல்லாம் உங்கள் கணக்கில் வராத செலவு. 25,000 ரூபாய்வரை படிவமே வேண்டாம்: போனில் கேட்டுக் குழு உறுப்பினர் ஒரு பக்கம் எழுதிக்கொள்ளட்டும். அதற்கு மேல் ஒரு லட்சம்வரை தமிழில் இரண்டு பக்கம், ஒரு நேரடிப் பார்வை. அதற்கும் மேலே போனால் இரண்டாண்டு வரவு செலவு அறிக்கை, 12ஏபி சான்று, பான், வங்கிக் கணக்கு விவரம். இந்தத் தாள்கள் உங்கள் ஆடிட்டுக்கு எப்படியும் வேண்டும். “நிறைவேறாமல் போனால் எதனால் போகும் என்று நினைக்கிறீர்கள்?” என்ற கேள்வியை மட்டும் எல்லோரிடமும் கேளுங்கள். பதில் சொல்பவருக்குத் தொழில் தெரியும்.

பலனை அளப்பது? படிப்பகத்துக்கு மூன்று எண்கள் போதும்: ஜூனில் எத்தனை பிள்ளைகள், பிப்ரவரியில் எத்தனை, ஆசிரியர்களில் எத்தனை பேர் ஆண்டு முழுவதும் நின்றார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை உங்கள் 1.6 லட்சத்தின் சாதனையாக எழுதிக்கொள்வது பள்ளி ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் செய்யும் அநியாயம். காலாண்டுக்கு ஒருமுறை அரை மணி நேரம் போனில் பேசுங்கள். அறிக்கையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதத் தெரிந்த தம்பிகளுக்கு அந்த வேலையைக் கொடுக்கலாம், படிவத்தில் செலவழித்த ஆர்வம் உருப்படியாகும்.

அவசர நிதி 1.2 லட்சம் சின்னத் தொகை என்று தோன்றலாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கி நின்றது உங்கள் கண்ணெதிரே நடந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் முதல் வாரம் அரிசி, பிஸ்கட், பழைய சேலை எல்லா ஊரிலிருந்தும் லாரி லாரியாக வரும். மூன்றாம் மாதம் யாரும் வரமாட்டார்கள். அப்போதுதான் செத்துப்போன ஆட்டுக்கு மாற்று, சேற்றில் ஊறிய தையல் மெஷினுக்கு மோட்டார், நனைந்துபோன சான்றிதழுக்கு நகல் வாங்க அலைச்சல் செலவு எல்லாம் வேண்டும். எனவே அவசர நிதியில் நாற்பது சதவீதத்துக்கு மேல் முதல் மாதம் எடுக்கக் கூடாது என்று இப்போதே தீர்மானம் போடுங்கள். குடும்பத்துக்கு 10,000 உச்சவரம்பு, இரண்டு கையெழுத்து, 48 மணி நேரத்தில் முடிவு. வெள்ளமில்லாத ஆண்டில் இந்தப் பணம் மிஞ்சுமே என்றால், மேலே சொன்ன படிவம் 10 இதற்குத்தான் பொருத்தம். நீங்களே நேரடியாகச் செலவழிக்கும் பணம் என்பதால் சேர்த்து வைக்கலாம், ஐந்தாண்டில் 6 லட்சமாகும்.

சரி, பேரன் காலம்.

வட்டியைச் செலவழித்து ஆண்டுக்கு 80,000 மட்டும் மூலதனத்தில் சேர்த்துக்கொண்டே போனால் இருபது ஆண்டில் 1 கோடியே 36 லட்சம் இருக்கும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று கொண்டால், அதன் இன்றைய மதிப்பு சுமார் 51 லட்சம். தொடாமலே பாதிக்கு மேல் கரைந்திருக்கும். அமெரிக்காவில் தனியார் கொடை நிறுவனங்கள் ஆண்டுக்குச் சொத்தில் சுமார் 5 சதவீதம் கொடுத்தால் போதும், மீதி வளரலாம். நம் சட்டம் வருமானத்தில் 85 சதவீதத்தைக் கேட்கிறது. எனவே வங்கி வைப்பை மட்டும் நம்பி நிரந்தரம் பேச முடியாது.

நிரந்தரம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கான சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு ‘சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு’ என்று வரும். ஆடு சாகும், கிழடாகும். ஆனாலும் மந்தை தொண்ணூற்றாறாகவே நிற்க வேண்டும், நெய் தவறாமல் வர வேண்டும் என்ற பொறுப்பை ஏற்றுக்கொண்ட ஆளோடு சேர்த்தே கட்டளை எழுதப்பட்டது. உங்கள் வைப்புத் தொகைக்கு அப்படி ஓர் ஆள் இல்லை.

செய்யக்கூடியது: பிரிவு 11(5) அனுமதிக்கும் முதலீடுகளில் மியூச்சுவல் ஃபண்டும் அடக்கம், தனியார் கம்பெனிப் பங்குகளை நேரடியாக வாங்கத்தான் தடை. 30 லட்சத்தை மட்டும் இரண்டு ஆண்டுகளில் மாதாமாதம் பிரித்து ஒரு குறியீட்டு ஃபண்டின் (பங்குச் சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளையே வாங்கும் ஃபண்டு) வளர்ச்சித் திட்டத்தில், அதாவது லாபத்தைப் பிரித்துத் தராமல் உள்ளேயே வைக்கும் திட்டத்தில், போடலாம். விற்கும்வரை வருமானம் என்று எதுவும் வராததால் 85 சதவீதப் பேச்சும் அதுவரை இல்லை. பத்திரத்தின் முதலீட்டு விதி அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதற்கு விலை உண்டு: ஆண்டு வட்டியில் 2.1 லட்சம் குறையும், நான்கு பங்காளி அமைப்புகள் மூன்றாகும். சந்தை விழும் ஆண்டில் பதறி விற்கும் ஆட்கள் உங்கள் குழுவில் இருந்தால் இந்தப் பக்கமே போகாதீர்கள். இன்றைய ஒரு படிப்பகத்தை விட்டுக்கொடுத்து 2045இல் ஒன்றை வாங்குகிறீர்கள் என்பதைத் தெரிந்து முடிவு செய்யுங்கள். எவ்வளவு என்பதில் என் யோசனை 30 லட்சத்தைத் தாண்ட வேண்டாம் என்பதுதான்.

மூத்தவர்களிடம் பெஞ்சமின் பிராங்க்ளின் கதையைச் சொல்லுங்கள். 1790இல் இறந்தபோது பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஆளுக்கு ஆயிரம் பவுண்டு எழுதி வைத்தார், இருநூறு ஆண்டுக்கு. தொழில் பழகி முடித்த இளம் கைவினைஞர்களுக்கு 5 சதவீத வட்டியில் கடன் கொடுத்துப் பணம் பெருக வேண்டும் என்பது ஏற்பாடு. 1990இல் பாஸ்டனில் சுமார் 50 லட்சம் டாலர், பிலடெல்பியாவில் சுமார் 20 லட்சம். பணம் நின்றது, ஆனால் ஆலைகள் வந்ததும் அவர் மனதில் இருந்த கைவினைஞர் என்ற ஆளே அருகிப்போனார், கடன் வாங்க ஆள் கிடைக்கவில்லை. நோக்கத்தின் ஆயுள் பணத்தின் ஆயுளைவிடக் குறைவு. இந்தச் சிக்கலைப் பார்த்துத்தான் 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பிரெடெரிக் காஃப் என்ற வங்கியாளர் ஊர்ப் பொது நிதியம் ஒன்றைத் தொடங்கினார்: பணம் வங்கியிடம், எதற்குச் செலவு என்பது ஊர்க் குழுவிடம், காலம் மாறினால் நோக்கத்தை மாற்றும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு. ஊர் நிதியங்களுக்கு மூலம் அதுதான். உங்கள் பத்திரத்தில் திருத்த விதி இருந்தால் நோக்கங்களை அகலமாக்கிக்கொள்ளுங்கள். நோக்கம் மாறினால் முப்பது நாளுக்குள் வருமான வரித் துறையில் மறுபதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். திருத்த விதியே இல்லையென்றால் சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 92, அதாவது கோர்ட்டு, வக்கீலோடு போங்கள்.

அமெரிக்க வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டு நிரந்தரத்தை அடியோடு மறுத்தவர். தான் இறந்து இருபத்தைந்து ஆண்டுக்குள் முழுவதும் செலவாகிவிட வேண்டும் என்றார். 1932இல் இறந்தார், 1948லேயே நிதியை முடித்துவிட்டார்கள். அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கட்டிடங்கள் எழுந்தன. அவர் முழுச்செலவையும் கொடுக்கவில்லை. அந்தந்த ஊர் மக்கள் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும், அரசும் தர வேண்டும் என்றார். மக்கள் திரட்டியது அவர் நிதி தந்ததைவிடச் சற்று அதிகம். இந்த வழி நமக்கும் திறந்திருக்கிறது: நமக்கு நாமே திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதி அரசு. பள்ளிக்கு வகுப்பறையோ நூலக அறையோ கட்ட நினைத்தால் உங்கள் மூன்று லட்சம் ஒன்பது லட்சமாகும். கட்டிடம் முடிந்த பிறகு பூட்டைத் திறக்க ஆள் வேண்டும், அந்தச் சம்பளம்தான் உங்கள் அடுத்த மூன்றாண்டுக் கடிதம்.

முடித்துவிடவும் நாம் தயாரா என்ற கேள்வியைத் தீர்மானமாகவே எழுதி வையுங்கள்: 2035இல் ஒரு கூட்டம், தொடர்வதா, இன்னோர் அமைப்போடு சேர்வதா, பணத்தைச் செலவழித்து மூடுவதா என்று. விலைவாசியைவிட ஆள் இல்லாமை அறக்கட்டளைகளைச் சீக்கிரம் கொல்கிறது. வங்கியில் கையெழுத்துப் போடும் மூவரில் ஒருவர் காலமாகி, ஒருவர் சென்னையில் படுக்கையில் இருந்தால் வைப்புத் தொகை முதிர்ந்தும் எடுக்க முடியாது. நாற்பது வயதுக்குக் கீழே இரண்டு அறங்காவலர், அதில் ஒருவராவது பெண், இந்த ஆண்டே. 12ஏபி எந்தத் தேதிவரை என்று சான்றை எடுத்துப் பாருங்கள். ஆறு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும்.

கடைசியாக வெளிநாட்டுப் பணம். அனுப்புபவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது கேள்வியே இல்லை, எந்த நாட்டுக் குடிமகன் என்பதுதான் கேள்வி. சிங்கப்பூரில் வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கி ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருப்பவர் ஊருக்கு வந்து ரூபாயில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான்; எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூடத் தொடக் கூடாது. பதிவு வாங்கலாமா என்றால், 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை வேறு அமைப்புக்குக் கொடுக்கவே தடை. நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்குள். கணக்கும் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் தொடங்க வேண்டும். நீங்கள் பிறருக்குக் கொடுத்து உதவும் அறக்கட்டளையாகவே இருக்கப்போகிறீர்கள் என்றால் அது உங்களுக்குப் பயன்படாது. ரசீதுப் புத்தகத்தை அடுத்த முறை அச்சடிக்கும்போது பெயர், பான், முகவரி வரிசைக்குக் கீழே ‘எந்த நாட்டுப் பாஸ்போர்ட்’ என்று ஒரு வரி சேருங்கள். மூலதனத்துக்கென்று தருபவர்களுக்கு அதே தாளில் கையெழுத்தோடு இன்னொரு வரி: ‘இத்தொகையை மூலதன நிதியில் சேர்க்கவும்.’ அந்த வரி இல்லாமல் வந்த பணம் வருமானமாகவே கணக்கிடப்படும்.